கடைசி இரண்டு எண்கள்

காலை ஒன்பதே முக்காலுக்கு அண்ணியின் போன் வந்தபோது சின்னி துணியில் சூட்டால் அச்சு ஒட்டும் ஹீட் பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அண்ணி கூப்பிடுவதே இல்லை.

"சின்னி, மாமா அங்க வந்தாரா?"

"அப்பாவா? இங்கயா? தனியாவா?"

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "காணோம். கொரியர்காரருக்குக் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன். திரும்பத் தாழ்ப்பாள் போட்டேனா இல்லையான்னு... அரை மணி ஆச்சு. தெரு முழுக்கத் தேடிட்டேன்."

சின்னி கைப்பிடியைத் தூக்கினாள். அடியில் இருந்த டி-ஷர்ட் பழுப்பேறிப் போயிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

நாற்பது வயதாகியும் கடைக்குட்டி என்பதால் அவள் வீட்டில் இன்னும் சின்னிதான். வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் டி-ஷர்ட்டுகளுக்குப் படம் வரைந்து அச்சிடுவது அவள் தொழில். அலுவலகக் குழு, ஓட்டப் பந்தயம், நண்பர்கள் சுற்றுலா என்று யார் வந்தாலும் செய்து கொடுப்பாள். அவள் கடை அச்சு உரியாது என்று பெயர். வாங்குபவரை வாசல்வரை துரத்திப் போய்ச் சொல்லுவாள்: உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைங்க, பச்சைத் தண்ணி போதும், அச்சு மேலயே இஸ்திரி வைக்காதீங்க.

அப்பா துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். மூன்று வருடமாக நினைவு தப்பிக்கொண்டே வந்தது. நான்கு முறை வீட்டை விட்டு நடந்து போயிருக்கிறார். பெயரும் எண்ணும் பொறித்த வளையத்தைக் கையில் மாட்டினார்கள். காய் நறுக்கும் கத்தியால் அறுத்துவிட்டார். சட்டைப் பையில் அட்டை வைத்தார்கள். சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, "நான் என்ன தபாலா, விலாசம் ஒட்டி அனுப்புறதுக்கு?" என்று கேட்டார்.

அப்போதுதான் சின்னிக்கு அந்த யோசனை வந்தது. கருநீல டி-ஷர்ட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு துறைமுகக் கிரேன் வரைந்தாள். அதன் கால்கள் வயிற்றருகே ஊன்றி நிற்கும். கை நீண்டு சாய்வாக இடது தோள்வரை போகும். நிஜக் கிரேன்களில் எண் எழுதியிருப்பதுபோல அந்தக் கையின் நீளத்துக்கும் தன்னுடைய போன் நம்பரைப் பெரிதாகப் போட்டாள். அப்பா கண்ணாடி முன் நின்று பார்த்தார். "நம்ம வண்டி!" என்றார். அன்றிலிருந்து வேறு சட்டை என்றால் கையைத் தட்டிவிடுவார். சின்னி முதலிலேயே ஆறு அடித்துக் கொடுத்திருந்தாள்.

இரண்டே மாதத்தில் ஒன்றில் கடைசி இரண்டு எண்கள் உரிந்து விழுந்தன.

அதிலிருந்து அண்ணிக்கும் அவளுக்கும் ஒரு புகைச்சல். சின்னி துவைக்கும் முறையைப் பெரிய எழுத்தில் எழுதி வாஷிங் மெஷினுக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தாள். அண்ணி அதைக் கிழிக்கவில்லை. கடைப்பிடிக்கவும் இல்லை. "ஒரு நாளைக்கு மூணு தடவை சட்டைவரைக்கும் நனைச்சுடறார், சின்னி. அதைப் பச்சைத் தண்ணியில அலசினா நாத்தம் போகுமா? நீ ஒருநாள் வந்து அலசிப் பாரு" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். சின்னி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டு வாசலில் அண்ணி செருப்புகூட இல்லாமல் நின்றிருந்தாள்.

"எந்த டி-ஷர்ட் போட்டிருக்கார்?" சின்னி வண்டியை நிறுத்தாமலே கேட்டாள்.

அண்ணி தெருமுனையைப் பார்த்தாள்.

"அண்ணி, எந்த டி-ஷர்ட்?"

"அந்த... உரிஞ்சதுதான். மத்த அஞ்சும் காலைல துவைச்சுப் போட்டேன். ஈரம்."

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அந்த நம்பருக்காகத்தானே அதை அடிச்சதே! வெந்நீர்ல போடாதீங்க, அச்சு மேல இஸ்திரி தேய்க்காதீங்கன்னு எத்தனை தடவை? இப்ப யாராவது பாத்தாக்கூட யாருக்குக் கூப்பிடுவாங்க?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான். முதல்ல வா, தேடலாம்" என்றாள்.

காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்ன உடை என்று கேட்டார். சின்னி போனில் இருந்த படத்தைக் காட்டினாள். கடையில் வடிவமைத்தபோது சேமித்தது. எல்லா எண்களும் பளிச்சென்று இருந்தன.

"நம்பர்தான் இவ்வளவு பெரிசா இருக்கே, மேடம். யாராவது கூப்பிட்டுடுவாங்க" என்றார் அவர்.

"கடைசி ரெண்டு நம்பர் இல்ல சார்" என்றாள் அண்ணி மெதுவாக. "துவைச்சதுல போயிடுச்சு. நான்தான் துவைச்சேன்."

அவர் பேனாவை நிறுத்தி ஒரு முறை அண்ணியைப் பார்த்துவிட்டு எழுதினார். சின்னி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் மருந்துச் சீட்டு வேண்டும் என்றார்கள். அதை எடுக்க வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி அலமாரியைக் குடைந்துகொண்டிருக்க, சின்னி பால்கனிக்குப் போனாள். கொடியில் ஐந்து டி-ஷர்ட்டுகளும் தொங்கின. கோபம் ஆறாமல் ஒன்றை இழுத்துப் பார்த்தாள். பிறகு கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

வெந்நீரும் இஸ்திரியும் கெடுத்த அச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வறண்ட குளத்து மண்போல மேலிருந்து கீழ்வரை வெடித்திருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. கிரேனின் கால்கள், சக்கரங்கள், முதல் எட்டு எண்கள் எல்லாம் நேற்று அடித்ததுபோல இருந்தன. தோள் தையலை ஒட்டிய இடத்தில் மட்டும் ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் தொட்டாள். எட்டு என்ற எண் முழுதாக, ஸ்டிக்கர் மாதிரி, விரலோடு வந்துவிட்டது.

அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். மூன்றில் அதே இடம், அதே மாதிரி.

அது துவைத்ததால் வந்த கோளாறு இல்லை. ஒட்டவே இல்லை. தோள் தையல் தடிமனாக இருக்கும். அதன் மேல் பிரஸ்ஸின் தட்டு இறங்கும்போது தையல் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் சூடும் இறங்காது, அழுத்தமும் விழாது. அதற்காகவே துணிக்குள் ஒரு ஸ்பாஞ்சு மெத்தை வைத்து அடிக்க வேண்டும். சின்னிக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. ஆனால் அந்த வாரம் ஓட்டப் பந்தயத்துக்கு முந்நூறு டி-ஷர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்தபின் கடைசியாக இந்த ஆறையும் எடுத்தாள். மெத்தையைத் தேட அலுப்பு. பதினைந்து விநாடி வைக்க வேண்டியதை எட்டில் தூக்கினாள். வாடிக்கையாளருக்கு என்றால் ஒன்றையாவது துவைத்து, இழுத்துப் பார்த்திருப்பாள். நம் வீட்டு வேலைதானே என்று மடித்துப் பையில் போட்டாள்.

"என்ன பாக்கறே?" பின்னால் அண்ணியின் குரல்.

சின்னி விரலில் ஒட்டியிருந்த எட்டைக் கசக்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. சீட்டு கிடைச்சுதா?"

கிடைத்தது. அண்ணி அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினாள். சின்னி கூடத்தில் உட்கார்ந்து மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் போன் போட்டாள். வயசானவர் யாராவது, கருநீல டி-ஷர்ட், மஞ்சள் கிரேன் படம். இல்லை. இல்லை. கொஞ்சம் இருங்க, பாக்கறோம். இல்லை. கசங்கிய எட்டு உள்ளங்கையிலேயே ஒட்டியிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது தெரியாத எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்து காத்திருந்தது. மறுமுனையில் ஒரு நர்ஸ் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சின்னி அந்த லைனை விட மனமில்லாமல் இருந்தாள். அந்த நர்ஸும் இல்லை என்றாள்.

அதே சமயம் அண்ணனும் அண்ணியும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். அண்ணன் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். படியிலேயே ஆரம்பித்திருப்பான் போல, குரல் ஏற்கனவே உச்சத்தில் இருந்தது.

"வீட்டுல ஒரே ஒரு ஆள். அவரைப் பாத்துக்கிறதைவிட உனக்கு என்ன வேலை? கதவைச் சாத்தத் தெரியல. சரி, அவ அவ்வளவு பாடுபட்டு ஒரு சட்டை அடிச்சுக் குடுத்தாளே, அதையாவது ஒழுங்காத் தோய்க்கத் தெரிஞ்சுதா?"

அண்ணியின் கால் விரலில் எங்கேயோ இடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"அண்ணா, நிறுத்து" என்றாள் சின்னி.

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்..."

"எனக்குத்தான் தெரியும். அச்சு அவங்க துவைச்சதுல போகல. நான் ஒழுங்கா ஒட்டல. தையல் பக்கம் சூடே இறங்கல. அவசரத்துல அடிச்சேன், சோதிச்சுக்கூடப் பாக்கல. தப்பு என்னுது."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"இப்பதான். கொடியில பாத்தப்ப."

"அப்ப 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னியே."

"அண்ணி..."

"முக்கால் மணி நேரம். திரும்ப ஸ்டேஷனுக்குப் போய், 'நான் துவைச்சுக் கெடுத்துட்டேன் சார்'னு அதையே இன்னொருத்தர்கிட்ட சொல்லிட்டு வரேன். நீ தெரிஞ்சே உக்காந்திருக்கே."

சின்னி கையிலிருந்த போனைத்தான் பார்த்தாள். தவறிய அழைப்பு. அந்தத் தெரியாத எண்.

அதற்குப் போட்டாள். லைன் பிஸி. மறுபடி போட்டாள். பிஸி. அண்ணன் தன் போனிலிருந்து போட்டான். பிஸி. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். யாருடனோ ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஆசாமி ஏன் நம்மைக் கூப்பிட வேண்டும்? விளம்பரக்காரனாக இருக்கும் என்றான் அண்ணன். "போடு, போட்டுட்டே இரு" என்றாள் அண்ணி. பதினெட்டாவது முறையோ பத்தொன்பதாவது முறையோ மணி அடித்தது.

"ஹலோ, யாரு?" ஒரு பெண் குரல், மூச்சு இரைக்க. "நான் இன்னைக்கு நூறு பேருக்குப் போட்டிருக்கேன், நீங்க எந்த நம்பர்னு தெரியல. முதல்ல சொல்லுங்க, கிரேன் படம் போட்ட சட்டைக்காரர் உங்களுக்கு வேண்டியவரா?"

"எங்கப்பா! எங்கப்பாதான்! எங்க இருக்கார்?"

அவள் புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் காவலாளி. ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நான்கு கிலோமீட்டர். கான்கிரீட் வண்டி வராததால் இரண்டு நாளாக வேலை நின்றிருந்தது. வாசலில் வந்து நின்ற பெரியவர், ஷிப்டுக்கு நேரமாச்சு, கதவைத் திற என்றாராம். பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சட்டையில் எண் இருந்தது, கடைசி இரண்டு இல்லை. சைபர் சைபரில் தொடங்கித் தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது என்று உட்கார்ந்துவிட்டாள். "பாதிப் பேர் திட்டினாங்க. ஒரு அம்மா தன் வீட்டுக்காரர்னு நினைச்சு அழுதே போட்டாங்க. அப்புறம் பாத்தா அவர் உள்ள குறட்டை விட்டுட்டிருக்கார்." அவள் குரல் தழைந்தது. "ஆனா மேடம், நான் போன்லயே இருந்தேனா, கண்ணுல மண்ணைத் தூவிட்டு அவர் கிரேன்ல ஏறிட்டார். ரெண்டு மாடி உசரம். கூப்பிட்டா இறங்கல. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியிருக்கேன். எனக்கு முழங்கால் மடங்காது. சீக்கிரம் வாங்க."

தகர வேலிக்குள் நுழையும்போதே தெரிந்தது. மஞ்சள் நிறக் கோபுரக் கிரேன். அதன் கம்பிக் கூண்டுக்குள் செங்குத்தாக ஏணி. முதல் தட்டில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். தலையில் காவலாளியின் ஹெல்மெட்.

"அப்பா! இறங்குங்க கீழ!" அண்ணன் கத்தினான்.

அப்பா குனிந்து பார்த்தார். முகம் கடுத்தது. திரும்பி அடுத்த ஏணியில் ஒரு காலை வைத்தார்.

அண்ணி அண்ணனின் கையில் பட்டென்று அடித்தாள். "கத்தாதீங்க! கத்தினா இன்னும் ஏறுவார்." பிறகு சின்னியைப் பார்த்தாள். வீட்டிலிருந்து கிளம்பியபின் அவளிடம் பேசும் முதல் பேச்சு. "அவர் வேலையில இருக்கார். பாதியில இறங்கமாட்டார். அடுத்த ஆள் வந்தாத்தான் இறங்குவார். குளிக்க வைக்கிறதுக்கே நான் தினம் அதைத்தான் சொல்றேன். நீ மேல போ."

"நானா?"

"உங்க அண்ணன் போனா சண்டை வரும். நான் புடவையில இருக்கேன். நீ போ. மகள்னு சொல்லாத. ஷிப்ட் மாத்த வந்திருக்கேன்னு சொல்லு."

காவலாளி எங்கிருந்தோ இன்னொரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து சின்னியின் தலையில் கவிழ்த்தாள். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டவே சின்னிக்குக் கால் நடுங்கும். கம்பி வெயிலில் சுட்டது. ஒரு படி. இன்னொரு படி. மேலே அப்பாவின் செருப்புக் கால் ஒன்று தட்டிலும் ஒன்று ஏணியிலுமாகத் தெரிந்தது. தட்டின் ஓரத்தைப் பிடித்து முட்டியிட்டு ஏறி, எழுந்து நிற்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்தாள்.

"யாரு?" என்றார் அப்பா.

"அடுத்த ஷிப்ட், சார்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஒரு நொடி, இரண்டு நொடி. அந்தக் கண்ணில் தன்னைத் தேடினாள். இல்லை.

"புதுசா?"

"ஆமா சார்."

"லேட்டு."

"மன்னிச்சுக்குங்க சார்."

அவர் ஏணியிலிருந்து காலை எடுத்துத் தட்டில் வைத்தார். சின்னி விட்ட மூச்சு அவளுக்கே கேட்டது. "கயிறு கொஞ்சம் இழுக்குது. எண்ணெய் போடச் சொல்லியிருக்கேன். காத்து அடிச்சா தூக்காதே. எவன் அவசரப்படுத்தினாலும் தூக்காதே. என்ன?"

"சரி சார்."

காலையில் தானாகப் பல் தேய்க்கத் தெரியாதவர், முகத்தை ஏணிப் பக்கம் திருப்பி, ஒரு கை விடாமல் மறு கை மாற்றி, ஒரு படிகூடத் தவறாமல் இறங்கிப் போனார். கீழே அண்ணி, "வாங்க மாமா, சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்வது கேட்டது. பசிக்கிறது என்று அவர் சொல்வதும் கேட்டது. சின்னிதான் மாட்டிக்கொண்டாள். கால் அசையவில்லை. கடைசியில் தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து இடுப்பில் பட்டை கட்டி அவளைத்தான் இறக்கினார்கள். கிழவரை மீட்க வந்தோம், இவங்கள மீட்டுட்டுப் போறோம் என்று அவர்களுக்குள் சிரித்தார்கள். கீழே வந்ததும் சின்னி காவலாளியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "போங்கம்மா, போய்த் தண்ணி குடிங்க" என்றாள் அவள்.

மாலையில் அப்பா தூங்கியபின் சின்னி சமையலறைக்குப் போனாள். அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "நாலு மாசமா நீ இந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல அந்தச் சட்டையத்தான் பாப்பே. எந்தச் சட்டைன்னு, நம்பர் இருக்கான்னு பாப்பே. அப்புறம்தான் என் மூஞ்சியப் பாப்பே. அதை எப்படி மன்னிக்கிறதுன்னு எனக்கு இன்னைக்குத் தெரியல. நாளைக்குத் தெரியுமா, அதுவும் தெரியல." குழாயை மூடினாள். "வாரத்துல ரெண்டு நாள் அவரை நீ வச்சுக்கோ. எனக்கு ரெண்டு நாள் வேணும்."

கடையில் சூடான மெஷின் இருந்தது, பிளேடு இருந்தது, வாசல் நேராகத் தெருவில் திறந்தது. எல்லாம் சின்னியின் மனதில் ஓடின. "சரி" என்றாள்.

புதிய டி-ஷர்ட்டுகளுக்கு எட்டு நாள் பிடித்தது. இந்த முறை ஒட்டும் அச்சே வேண்டாம் என்று, துணிக்குள் ஊறிப் பிடிக்கும் மையில் அடித்தாள். கிரேனின் கையைச் சுருக்கி, எண்ணைத் தையல் எதுவும் இல்லாத நடு நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். ஒன்றை எடுத்து, கை பொறுக்க முடியாத வெந்நீரில், அண்ணி போடும் அதே பவுடரில் இருபது முறை துவைத்தாள். அச்சு மேலேயே இஸ்திரி வைத்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். அதன் பிறகுதான் மற்றவற்றை அடித்தாள். வாஷிங் மெஷினுக்கு மேலே இருந்த காகிதத்தை அவளே உரித்தெடுத்தாள். அண்ணி பார்த்துவிட்டு அடுத்த துணியை மெஷினில் போட்டாள்.

அவள் பார்த்துக்கொண்ட முதல் நாள், செவ்வாய்க்கிழமை, கடையில் அப்பா மூன்று முறை ஈரமாக்கினார். மூன்று முறையும் சின்னி அலசினாள். மத்தியானம், வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சந்தேகம் வந்து அண்ணிக்குப் போட்டாள். போன் அணைத்திருந்தது. அண்ணனுக்குப் போட்டாள்.

"காலைல பத்து மணிக்குப் படுத்தா" என்றான் அவன், குரலை வெகுவாகத் தாழ்த்தி. "இன்னும் எழுந்திரிக்கல. என்ன வேணும்னாலும் என்கிட்ட கேளு. அவளை எழுப்பாதே."

மணி மூன்றாகியிருந்தது. சின்னி மருந்துச் சீட்டைத் தேடியெடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.